வாக்குறுதியளித்த ஆளுநர்: லூ வொலஸின் வாழ்வும் நிறைவேறாத மன்னிப்பும்

பென்ஹர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, 1959 ஆம் ஆண்டு வெளியாகி 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற திரைப்படமும் அதில் இடம்பெற்ற தேரோட்டப் போட்டியுமேயாகும். அத்திரைப்படத்தின் மூலக்கதையை எழுதியவர் தொழிலால் ஒரு சட்டத்தரணி என்பதும், நாவலின் இறுதிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் அமெரிக்காவின் மிகக் குழப்பமான பிராந்தியமொன்றின் ஆளுநராக இருந்தார் என்பதும் பலர் அறியாதவை. லூ வொலஸ் என்ற அம்மனிதரை உலகம் எழுத்தாளராகவே நினைவில் வைத்திருக்கின்றது. நாம் இங்கு நோக்க விரும்புவது ஆளுநர் வொலஸையே. பொது மன்னிப்பு என்ற சொல்லை ஓர் அரசு உச்சரிக்கும்போது அச்சொல்லுக்குப் பின்னால் என்ன வலு இருக்கின்றது என்ற வினா, அவரது ஆட்சிக் காலத்தில் மிகக் கூர்மையாக எழுந்தது.

1827 ஏப்ரல் 10 ஆம் திகதி இந்தியானா மாநிலத்தின் புரூக்வில் என்ற சிற்றூரில் வொலஸ் பிறந்தார். தந்தை டேவிட் வொலஸ் இராணுவக் கல்லூரியில் பயின்று, பின்னர் சட்டத்தரணியாகி, 1837 முதல் 1840 வரை இந்தியானாவின் ஆளுநராகவும் விளங்கியவர். ஏழு வயதிலேயே தாயை இழந்த சிறுவனுக்குப் பாடசாலையில் நாட்டம் இருக்கவில்லை. பதினாறு வயதானபோது, இனிமேல் கல்விச் செலவுக்குப் பணம் தருவதற்கில்லை என்று தந்தை கைவிரித்துவிட்டார். அதன் பின்னர் அவர் நீதிமன்றப் பதிவேடுகளைப் பிரதிசெய்யும் எழுதுவினைஞராக வேலை பார்த்துக்கொண்டே தந்தையின் அலுவலகத்தில் சட்டம் பயின்றார்.

1846 ஆம் ஆண்டு மெக்ஸிகோவுடன் அமெரிக்கா போர் தொடுத்தபோது, சட்டப் பரீட்சை எழுதிய கையோடு அவர் தொண்டர் படையில் சேர்ந்தார். பரீட்சையில் சித்தியடையவில்லை, போர்க்களத்தையும் அவர் பெரிதாகக் காணவில்லை. ஆயினும் அப்போரின் முடிவில் 1848 ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் மூலமே நியூ மெக்ஸிகோ என்ற பரந்த வறண்ட நிலம் அமெரிக்காவின் வசமாயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதே நிலத்துக்கு ஆளுநராகச் செல்லப்போகின்றோம் என்பதை அந்த இளைஞர் அப்போது எண்ணியிருக்க மாட்டார். 1849 இல் சட்டத்தரணியாக அனுமதி பெற்றார். அரச வழக்குத்தொடுநராகப் பணியாற்றினார். 1852 இல் சூசன் எல்ஸ்டன் என்ற மங்கையை மணந்து, மறு ஆண்டில் குரோபோர்ட்ஸ்வில் நகரில் குடியேறினார். 1856 இல் மாநில செனட் சபைக்கும் தெரிவானார். சட்டத் தொழிலை அவர் ஒருபோதும் விரும்பிச் செய்யவில்லை. ஆனால் சாட்சியம், ஆவணம் என்பவற்றின் பெறுமதியை அத்தொழிலே அவருக்குக் கற்பித்தது. அவரது வாழ்வின் பெருந்துயரம் ஓர் ஆவணம் தொலைந்துபோனதால் விளைந்தது என்பது விந்தையானது.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களுக்கு எதிராக ஐக்கியத்தின் படையில் சேர்ந்த வொலஸ், மறு ஆண்டே டொனெல்சன் கோட்டைச் சமரில் திறமை காட்டி, 34 வயதில் மேஜர் ஜெனரலானார். அப்போது அத்தரத்தில் இருந்தவர்களுள் மிக இளையவர் அவரே. அந்தப் புகழ் சில வாரங்களே நீடித்தது. 1862 ஏப்ரல் 6 ஆம் திகதி ஷைலோ என்ற இடத்தில் தென் மாநிலப் படை திடீர்த் தாக்குதல் தொடுத்தபோது, சில மைல்களுக்கு அப்பால் ஏறக்குறைய 7,000 வீரர்களுடன் வொலஸ் நின்றுகொண்டிருந்தார். தளபதி கிரான்டிடமிருந்து கையொப்பமற்ற கட்டளைத் தாள் ஒன்று வந்தது. எந்த வீதியால் வரவேண்டும் என்பது பற்றிய விளக்கம் இருவருக்கும் இருவேறாக அமைந்துவிட்டது. வொலஸ் ஒரு வீதியால் சென்று, தாம் இணைய வேண்டிய அணி ஏற்கனவே பின்வாங்கிவிட்டதென அறிந்து, திரும்பி வேறு வழியால் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு நாட் சமரில் இரு தரப்பிலும் 23,000 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், காயமடைந்தனர் அல்லது காணாமற்போயினர். அமெரிக்க மண் அதுவரை கண்டிராத இழப்பு அது. நாடு கொதித்தது. யாரேனும் ஒருவர் பழி சுமக்க வேண்டியிருந்தது. அது வொலஸின் தலையில் வந்து விழுந்தது. கட்டளைத் தாளோ தொலைந்துவிட்டது. தமது பக்க நியாயத்தை நிரூபிக்க சட்டத்தரணியின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

அவரது படைத் தலைமை பறிக்கப்பட்டது. 1864 ஜூலை 9 ஆம் திகதி மேரிலாந்தின் மொனொகசி ஆற்றங்கரையில், தமது படையிலும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட எதிரிப் படையை வழிமறித்து, தோற்றும்கூட ஒரு நாள் தாமதப்படுத்தி, தலைநகர் வொஷிங்டனை அவர் காப்பாற்றினார். கிரான்டே பின்னாளில் அதனைப் பாராட்டினார். இருந்தும் ஷைலோவின் கறை அகலவில்லை. ஜனாதிபதி லிங்கனின் கொலை தொடர்பில் எட்டுப் பேரை விசாரித்த இராணுவ ஆணைக்குழுவில் அவர் ஓர் உறுப்பினர். போர்க் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்த அன்டர்சன்வில் சிறைமுகாமின் பொறுப்பாளர் ஹென்றி வேர்ஸை விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பிறரைத் தீர்ப்பிடும் ஆசனத்தில் அமர்ந்த காலத்திலும், தம்மைப் பற்றிய தீர்ப்பை மாற்றும்படி கோரும் கடிதங்களை அவர் கிரான்டுக்கும் ஏனையோருக்கும் எழுதிக்கொண்டே இருந்தார்.

1878 செப்டெம்பர் மாத இறுதியில் ஜனாதிபதி ஹேய்ஸினால் நியமிக்கப்பட்ட ஆளுநராக அவர் சாந்தா பே நகரை வந்தடைந்தார். நியூ மெக்ஸிகோ அக்காலத்தில் ஒரு மாநிலமல்ல, பிராந்தியம் மாத்திரமே. அதன் மக்கள் தமது ஆளுநரைத் தெரிவுசெய்ய முடியாது. ஜனாதிபதித் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. 1912 வரை இந்நிலையே நீடித்தது. குடிமக்களில் பெரும்பாலானோர் ஸ்பானிய மொழி பேசுவோர். பூர்வீகக் குடிகளும் வாழ்ந்தனர். அதிகாரமோ சாந்தா பே நகரைத் தளமாகக் கொண்டிருந்த ஒரு சிறு சட்டத்தரணிகள், வணிகர்கள் குழுவிடம் இருந்தது. மக்கள் அதனைச் சாந்தா பே வளையம் என்றழைத்தனர். ஆளுநர்கள் வருவர், போவர். வளையம் அங்கேயே இருக்கும்.

அந்த ஆண்டு லிங்கன் கவுண்டி எனப்பட்ட பகுதியில் இரத்தக்களரி ஏற்பட்டிருந்தது. இராணுவக் கோட்டைக்கும் பூர்வீகக் குடிகளின் ஒதுக்கிடத்துக்கும் மாட்டிறைச்சியும் தானியமும் வழங்கும் அரச ஒப்பந்தங்களைக் கையில் வைத்திருந்த மர்பி, டோலன் வணிக நிறுவனத்துக்கு எதிராக, ஜோன் டன்ஸ்டால் என்ற இளம் ஆங்கிலேயரும் அலெக்ஸாண்டர் மக்ஸ்வீன் என்ற சட்டத்தரணியும் போட்டிக் கடையொன்றைத் திறந்தனர். 1878 பெப்ரவரி 18 ஆம் திகதி டன்ஸ்டால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் முதலாம் திகதி, சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பான ஷெரிப் பிரேடி பட்டப்பகலில் சுடப்பட்டார். ஜூலையில் ஐந்து நாட்கள் நீடித்த மோதலின் முடிவில் மக்ஸ்வீனின் வீடு எரிக்கப்பட்டு அவரும் கொல்லப்பட்டார். அருகிலிருந்த கோட்டையிலிருந்து கேர்னல் டட்லி தலைமையில் வந்த அரச படையினர் இதனைத் தடுக்கவில்லை. அவர்களது பிரசன்னம் ஒரு தரப்புக்கே சாதகமாயிற்று என்பதே பொதுவான முறைப்பாடு. வணிகப் போட்டிக்கு இரு தரப்பும் நீதிமன்றப் பிடியாணைகளைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவரையொருவர் கொன்றன என்பதுதான் இதில் வேதனைக்குரியது. சட்டம் அங்கு இல்லாமற் போகவில்லை. இரண்டு சட்டங்கள் இருந்தன.

இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தும்படி வொலஸ் வொஷிங்டனைக் கோரினார். ஜனாதிபதி அதற்கு உடன்படாது, கலைந்து செல்லுமாறு ஓர் அறிவித்தலை மாத்திரம் விடுத்தார். எனவே நவம்பர் 13 ஆம் திகதி வொலஸ் தமது பொது மன்னிப்பை வெளியிட்டார். பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து நிகழ்ந்த குற்றங்களுக்கு அது மன்னிப்பளித்தது. ஆனால் ஏற்கனவே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது. இந்த ஒரு வரிக்குள் ஓர் அநீதி பதுங்கியிருந்தது. குற்றப்பத்திரிகை யார் மீது தாக்கலாகும் என்பதை நிர்ணயிப்பது, நீதிமன்றத்தில் செல்வாக்குள்ளவர் எவர் என்பதே. செல்வாக்கு அற்ற, பில்லி த கிட் எனப் பின்னாளில் உலகறிந்த வில்லியம் பொனி என்ற இருபது வயதை எட்டாத இளைஞர் மீது, ஷெரிப் பிரேடியின் கொலைக்காகக் குற்றப்பத்திரிகை இருந்தது. டன்ஸ்டாலிடம் வேலை பார்த்தவர் அவர்.

1879 பெப்ரவரி 18 ஆம் திகதி இரவு, மக்ஸ்வீனின் விதவைக்காக வாதாடிய சப்மன் என்ற சட்டத்தரணி லிங்கன் நகர வீதியில் கொல்லப்பட்டார். அக்கொலையைக் கண்ணாரக் கண்டவர்களுள் பில்லியும் ஒருவர். மார்ச் மாதத்தில் ஆளுநர் லிங்கன் நகருக்கு நேரில் சென்றார். நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து அறிவித்தல்களை விடுப்பதோடு நின்றுவிடாமல் அவர் அங்கு சென்றதை நாம் பாராட்டவே வேண்டும். பில்லியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. தம் மீதான வழக்குகள் நீக்கப்படுமாயின், கண்டதைக் கண்டவாறு சாட்சி சொல்லத் தயார் என்பது அதன் சாரம். வழக்கிலிருந்து விலக்களிக்கத் தமக்கு அதிகாரம் உண்டென ஆளுநர் பதில் எழுதினார். மார்ச் 17 ஆம் திகதி இரவு, அவ்வூர் சமாதான நீதவானின் வீட்டில் இருவரும் சந்தித்தனர். வந்த இளைஞரின் ஒரு கையில் நீண்ட துப்பாக்கி, மறுகையில் கைத்துப்பாக்கி. பேச்சு முடிந்தபோது உடன்பாடு எட்டப்பட்டிருந்தது: பில்லி கைதாவது போல நடிப்பார், பெரும் ஜூரி சபை முன் சாட்சியமளிப்பார், பதிலாக ஆளுநர் அவரை மன்னிப்பார்.

பில்லி தமது பங்கை நிறைவேற்றினார். சப்மனின் கொலைச் சந்தேகநபர்கள் இருவர் மறுநாளே கோட்டைக் காவலிலிருந்து தப்பியோடியதால் தமது உயிருக்கு ஆபத்து மிகுந்திருந்தும் அவர் பின்வாங்கவில்லை. காவலில் இருந்த அவரது ஜன்னலுக்கு வெளியே ஊரவர்கள் நின்று பாடி மகிழ்வித்ததைக் கண்ட ஆளுநர், வியப்புடன் அதனை வொஷிங்டனுக்கு அறிவித்தார். ஏப்ரலில் பில்லி சாட்சியமளித்தார். அதன் பேரில் டோலன் முதலானோர் மீது குற்றம் சாட்டப்பட்டது. மே மாதத்தில் கேர்னல் டட்லிக்கு எதிரான இராணுவ விசாரணையிலும் அவர் சாட்சியமளித்தார்.

ஆளுநரின் பங்கு? மாவட்ட அரச வழக்குத்தொடுநரான ரைனர்சன் பில்லி மீதான வழக்கைக் கைவிட மறுத்துவிட்டார். அவர் டோலனின் நண்பர். வழக்கு வேறொரு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஆளுநர் கொடுத்த பெயர்ப் பட்டியலின் பேரில் கைதாகியிருந்தவர்களில் பலர் ஆட்கொணர்வு மனுக்கள் மூலம் வெளியேறினர். ஜூரி சபை தாக்கல் செய்த ஏறக்குறைய 200 குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை, ஆளுநரின் பொது மன்னிப்பையே கேடயமாகக் காட்டி இல்லாதொழிக்கப்பட்டன. டோலனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. டட்லி குற்றமற்றவர் என விசாரணை முடிந்தது. மன்னிப்பு எல்லோருக்கும் பயன்பட்டது. அதற்காக உயிரைப் பணயம் வைத்தவருக்கு மாத்திரம் பயன்படவில்லை. ஆயினும் ஒன்றை இங்கு கூறவேண்டும். வழக்கைக் கைவிடச் செய்யும் வலு ஆளுநருக்கு இல்லாதிருந்திருக்கலாம். தீர்ப்புக்குப் பின்னரும் மன்னிப்பளிக்கும் அதிகாரம் அவரது பேனாவிலேயே இருந்தது. ஜூன் மாதத்தில் பில்லி காவலிலிருந்து நழுவிச் சென்றார். கால்நடைத் திருட்டுகளிலும் மேலும் கொலைகளிலும் அவரது பெயர் அடிபட்டது. அவர் நிரபராதி அல்லர். அப்படிச் சித்திரிக்க நாம் முனையவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் வொலஸ் இரவுகளில் தமது நாவலை எழுதினார். பெரும்பகுதியைக் குரோபோர்ட்ஸ்வில்லில் ஒரு மரநிழலில் ஏற்கனவே எழுதி முடித்திருந்தார். இயேசு சிலுவையில் அறையப்படும் இறுதிப் பகுதி, ஸ்பானியர் காலத்தில் மண்கல்லால் கட்டப்பட்ட சாந்தா பே ஆளுநர் மாளிகையில், ஜன்னல் கதவுகளை அடைத்துவிட்டு, விளக்கொளியில் எழுதப்பட்டது. 1876 இல் ரயில் பயணமொன்றில் நாத்திகப் பேச்சாளர் இங்கர்சோலுடன் உரையாடியபோது, தமது மதத்தைப் பற்றித் தமக்கு எதுவுமே தெரியாதென்பதை உணர்ந்ததே அந்நாவலை விரித்தெழுதத் தூண்டியதாக அவரே பின்னர் கூறியிருக்கின்றார். கதையின் தொடக்கம் யாது? உரோம ஆளுநர் ஊர்வலமாகச் செல்கையில் கூரையிலிருந்து ஓடொன்று தவறி விழுகின்றது. யூத இளைஞன் ஒருவன் விசாரணையின்றிக் குற்றவாளியாக்கப்பட்டு, துடுப்பு வலிக்கும் அடிமையாக அனுப்பப்படுகின்றான். ஷைலோவில் தாம் சுமந்த பழியையே அவர் இக்கதையில் இறக்கிவைத்தார் என்று கருதுவோர் உளர். நமக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. 1880 நவம்பர் 12 ஆம் திகதி நாவல் வெளியாயிற்று. முதலில் மெதுவாகவே விற்பனையானாலும், அந்நூற்றாண்டின் முடிவுக்குள் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான நாவலாயிற்று.

நாவல் வெளியாகி ஒரு மாதம் கழித்து, பில்லியைப் பிடித்துத் தருவோருக்கு 500 டொலர் சன்மானம் என்ற அறிவித்தலில் அதே கை ஒப்பமிட்டது. டிசெம்பர் இறுதியில் ஷெரிப் பட் கரெட் அவரைப் பிடித்துச் சாந்தா பே சிறையில் அடைத்தார். ஆளுநர் மாளிகையிலிருந்து சிறிது தூரத்திலேயே அச்சிறை இருந்தது. 1881 ஜனவரி முதலாம் திகதியும் மார்ச் மாதத்தில் மூன்று தடவையும் பில்லி ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். வந்து பாருங்கள், தந்த வாக்கை நினைவுகூருங்கள் என்பதே அவற்றின் பொருள். பதில் வரவில்லை. ஏப்ரலில் மெஸிலா நகரில் நீதிபதி பிரிஸ்டல் மரண தண்டனை விதித்தார். இவ்விளைஞர் தம்மிடம் கருணையை எதிர்பார்ப்பதற்கு எந்நியாயமுமில்லை என்ற தொனியில் ஆளுநர் பத்திரிகையாளரிடம் கூறினார். லிங்கன் கவுண்டி மோதல்களில் ஈடுபட்ட அத்தனை பேருள்ளும் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவர் இவர் ஒருவரே. ஏப்ரல் 28 ஆம் திகதி காவலர் இருவரைக் கொன்றுவிட்டுத் தப்பிய பில்லி, ஜூலை 14 ஆம் திகதி இரவு சம்னர் கோட்டையில் கரெட்டின் துப்பாக்கிக்கு இரையானார்.

அப்போது வொலஸ் அங்கில்லை. பென்ஹரைப் படித்து மகிழ்ந்த ஜனாதிபதி கார்பீல்ட் அவரை உதுமானியப் பேரரசுக்கான தூதுவராக நியமித்திருந்தார். 1881 முதல் 1885 வரை அவர் கொன்ஸ்தாந்திநோப்பிளில் பணியாற்றினார். இரண்டாம் சுல்தான் அப்துல் ஹமீதுக்கும் அவருக்குமிடையே இராஜதந்திர சம்பிரதாயங்களைக் கடந்த நட்பு மலர்ந்தது. ஐரோப்பிய வல்லரசுகளின் தூதுவர்கள் ஒவ்வொருவரும் ஏதோவொரு நிலத்தின் மீது கண்வைத்திருந்த சூழலில், எதையும் கேட்காத ஒருவரைச் சுல்தான் நம்பியதில் வியப்பில்லை. 1882 இல் எகிப்து நெருக்கடி முற்றியபோது, சுல்தானுக்கும் பிரித்தானியாவுக்குமிடையே இணக்கம் காண வொலஸ் முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. பிரித்தானியப் படைகள் எகிப்தைக் கைப்பற்றின. அதனை எதிர்த்து நின்று தோற்ற ஒராபி பாஷாதான் நாடு கடத்தப்பட்டு 1883 இல் இலங்கையை வந்தடைந்தவர். கொழும்பிலும் கண்டியிலுமாக 1901 வரை வாழ்ந்து, இன்றைய ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்துக்குத் துணைநின்ற அப்பெருமகனை நமது வாசகர்கள் நன்கறிவர்.

தூதுவராக இருந்த காலத்திலேயே வொலஸ் ஜெருசலேமை முதன்முதலாகக் கண்டார். நூலகங்களில் இருந்தவாறே தாம் வர்ணித்த இடங்களைத் திருத்த வேண்டியிருக்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமிதம் இருந்தது. பதவிக்காலம் முடிந்தபோது தமது சேவையில் இணையுமாறு சுல்தான் விடுத்த அழைப்பை அவர் ஏற்கவில்லை. 1453 இல் இரண்டாம் முஹம்மத் கொன்ஸ்தாந்திநோப்பிளை வெற்றிகொண்டதைப் பின்னணியாகக் கொண்டு 1893 இல் அவர் வெளியிட்ட நாவலுக்கு இந்தியாவின் இளவரசன் என்று பெயர். தலைப்பை நம்பி இந்தியாவைத் தேடுவோர் ஏமாற்றமடைவர்.

நாடு திரும்பிய 1885 ஆம் ஆண்டில் அவர் இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த ஒன்று, பாதியளவில் கைகூடிற்று. தொண்டைப் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த கிரான்ட் தமது நினைவுநூலை எழுதிக்கொண்டிருந்தார். ஷைலோவில் வீழ்ந்த மற்றொரு தளபதியின் விதவையிடமிருந்து பழைய கடிதமொன்று அவருக்குக் கிடைத்தது. சமருக்கு முந்திய நாள் லூ வொலஸ் எழுதிய கடிதம் அது. அவர் ஏன் அந்த வீதியைத் தெரிந்தார் என்பது அதிலிருந்து விளங்கிற்று. கிரான்ட் தமது கடுமையைத் தணித்து ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். அத்தியாயத்தின் உடலில் பழைய குற்றச்சாட்டு அவ்வாறே நின்றது. வொலஸுக்கு இது போதவில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னரும் ஷைலோவுக்குச் சென்று, தாம் படை நடத்திய வீதிகளை மீண்டும் அளந்து பார்த்தார். தன்வரலாற்றை எழுதும்போதும் அந்த நாளை விட்டு அவரால் எளிதில் நகர முடியவில்லை. நூல் முற்றுப்பெறுமுன், 1905 பெப்ரவரி 15 ஆம் திகதி, குரோபோர்ட்ஸ்வில் இல்லத்தில் காலமானார். எஞ்சியதை மனைவி சூசன் நிறைவு செய்ய, 1906 இல் நூல் வெளியாயிற்று. 1910 இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இந்தியானாவின் சார்பில் அவரது சிலை நிறுவப்பட்டது.

சாந்தா பே சிறையிலிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் அழியவில்லை. வொலஸ் ஆவணங்களைப் பேணும் பழக்கமுடையவர். அவற்றை ஆதாரமாகக் கொண்டு, கொடுத்த வாக்கை அரசு இப்போதாயினும் நிறைவேற்ற வேண்டுமென்ற கோரிக்கை நூற்றாண்டு கடந்தும் எழுந்தது. நியூ மெக்ஸிகோவின் அப்போதைய ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் அதனைப் பரிசீலித்தார். வொலஸினதும் ஷெரிப் கரெட்டினதும் வழித்தோன்றல்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2010 டிசெம்பர் 31 ஆம் திகதி, தாம் பதவியிலிருந்து விலகும் நாளன்று, ரிச்சர்ட்சன் தமது முடிவை அறிவித்தார். வொலஸ் ஏன் தமது வாக்கிலிருந்து விலகினார் என்பது வரலாற்றில் தெளிவாக இல்லை என்பதால், மன்னிப்பு வழங்கப்படவில்லை.